‘ஹோம் ஸ்டூடியோ செட்’ வாங்கும் முன் பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள்

கண்டென்சர் மைக், யுஎஸ்பி சவுண்ட் கார்டு, மடக்கு ஸ்டாண்ட், பாப் ஃபில்டர் (வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை), 12 ஃபோம் துண்டுகள். எல்லாம் ஒரே பெட்டியில், 8,500 ரூபாய். வீட்டில் வீணை பதிவு செய்ய இதை வாங்கிய பெண்ணிடம் கடைக்காரர் சொன்னது: “ஃபேன்டம் பவரெல்லாம் வேண்டாம் மேடம், நேரா போன்லயே சொருகிக்கலாம். இந்த ஃபோமை ஒட்டிட்டா வெளிச்சத்தம் துளிகூட வராது.” இரண்டுமே பொய். (ஃபேன்டம் பவர் என்பது கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் மின்சாரம்.)

முதலில் மைக். அடியில் உள்ள வளையத்தைத் திருகினால் உடல் கழன்றுவிடும். வலைக்குள் இருந்தது சட்டைப் பொத்தான் அளவு எலக்ட்ரெட் கேப்ஸ்யூல், அதாவது ஒலியைப் பிடிக்கும் பாகம். பெட்டியில் அச்சிட்டிருந்ததோ ‘லார்ஜ் டயஃப்ரம்’, அதாவது ஒலியில் அதிரும் சவ்வு பெரியது என்று. அந்தப் பெயருக்கு 1 அங்குலமாவது வேண்டும்.

கூட வந்த கேபிளின் ஒரு முனை எக்ஸ்எல்ஆர் (மைக்கில் சொருகும் மூன்று பின் இணைப்பு), மறுமுனை 3.5 மி.மீ. பிளக். அந்தப் பிளக்கில் கறுப்பு வளையம் இரண்டுதான். போனின் ஹெட்செட் துளைக்கு மூன்று வேண்டும். அதனால் போன் இந்த மைக்கைக் கண்டுகொள்ளாது, தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். வாங்கியவருக்குத் தெரியவே தெரியாது. ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு மைக் வலையை நகத்தால் சுரண்டுங்கள், பிறகு போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். எது பலமாகக் கேட்கிறதோ அதுதான் வேலை செய்யும் மைக்.

சவுண்ட் கார்டில் சொருகினால் மைக் உயிர் பெறும், ஆனால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலோடு. 48 வோல்ட்டுக்கு அமைத்த சர்க்யூட்டுக்கு அந்த விரலளவு கார்டு தருவது 5 வோல்ட்டுக்கும் கீழே. சிக்னல் மெலிந்துபோகும், கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றுவோம், இரைச்சலும் கூடவே ஏறும். வீணை போன்ற மெல்லிய நாதத்தில் கமகத்தின் வால் முழுவதும் அதில் மூழ்கிவிடும். போதாக்குறைக்கு இந்தக் கேபிளில், வழியில் சேரும் மின் இரைச்சலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு இணைப்பு கிடையாது. பக்கத்தில் அடாப்டர் இருந்தால் ‘ஹம்’மும் சேரும்.

இதற்காக மைக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நிஜமான ஃபேன்டம் பவர் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), இரு முனையும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிளால் மாட்டினால் இரைச்சல் நன்றாகவே குறையும். ‘48V’ என்ற பட்டனை மட்டும் நம்ப வேண்டாம். அதை அழுத்தி, மைக் மாட்டாமல், மல்டிமீட்டரை டிசியில் வைத்து எக்ஸ்எல்ஆர் இணைப்பின் 1-2 பின்களுக்கிடையிலும் 1-3 பின்களுக்கிடையிலும் அளந்து பாருங்கள்: இரண்டிலும் 44 முதல் 52 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் கெயினை நிறுத்துங்கள்.

ஃபோம்தான் பெரிய ஏமாற்று. தெருச் சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும்: செங்கல், கனமான கதவு, இடுக்கில்லாத ஜன்னல். 1 அங்குல ஃபோம் அறைக்குள் எதிரொலிக்கும் உச்ச ஸ்தாயி ஒலிகளை மட்டும், சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல், உருப்படியாக உறிஞ்சும். அதற்குக் கீழ் ஸ்தாயியில் உள்ள முழக்கம் அப்படியே நிற்கும். பதிவு மந்தமாகவும் ‘கும்’மென்றும் ஒலிப்பது அதனால்தான். தீப்பிடித்தால் நச்சுப்புகை வேறு. அந்தப் பணத்தில் 4 அங்குல ராக்வூலை (பாறை இழைப் பலகை) துணியால் சுற்றி, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம். அதுவும் முடியாதா? பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், துணி அடைத்த பீரோவைத் திறந்து வையுங்கள், மின்விசிறியை அணையுங்கள்.

ஸ்டாண்டும் பாப் ஃபில்டரும் பழுதில்லை, ஆனால் வீணைக்கு எதற்குப் பாப் ஃபில்டர்?

திருப்பிக் கொடுக்கப் போனபோது, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருந்த வரியைக் காட்டினார்கள். குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால், 30 நாளுக்குள் அதைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாங்கும்போதே ‘48 வோல்ட் கண்டென்சர், லார்ஜ் டயஃப்ரம், போனில் வேலை செய்யும்’ என்று கடைக்காரர் சொன்னதையெல்லாம் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.