ஸ்லோ குக்கர், சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு: கோழிக்குச் சரி, காய்கறிக்குப் பார்த்துதான்

காலையில் போட்டுவிட்டுப் போனால் நாள் முழுக்க மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பானையான ஸ்லோ குக்கரை வாங்கலாமா என்று எங்கள் பக்கம் புதிதாகக் குடிவரும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போய், பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிற வீட்டுக்காரர்கள்தான் அதிகம். கோழி சாப்பிடும் வீடா என்று நான் முதலில் திருப்பிக் கேட்பேன். ஆமாம் என்றால் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். சைவ வீடு என்றால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும்.

நாங்கள் இருப்பது சிகாகோ புறநகர். மனைவிக்கு ஆஸ்பத்திரி வேலை, வாரத்தில் பாதி நாள் மாலை ஷிஃப்ட். நான் வேலையை முடித்து, பெரியவளை நீச்சல் வகுப்பிலிருந்தும் சின்னவனைப் பள்ளி விட்ட பிறகு பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர் கேரிலிருந்தும் கூட்டிக்கொண்டு வீடு சேர ஆறரை ஆகிவிடும். ஏழு மணிக்குள் தட்டில் சாப்பாடு இல்லையென்றால் சீரியல் டப்பாவைத் திறந்துவிடுவார்கள். "மூணு விசில் விட்டா முடியற சமாச்சாரம், அதுக்கு எட்டு மணி நேரமாப்பா?" என்று திண்டுக்கல்லிலிருந்து அம்மா போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். பிரஷர் குக்கருக்கு ஆறரை மணிக்கு ஓர் ஆள் அடுப்படியில் நிற்க வேண்டும். நறுக்கி, கழுவி, வதக்கி, அப்புறம்தான் விசில். ஸ்லோ குக்கரும் மொத்த வேலையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அந்த வேலையை முந்தின நாள் ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகான அரைமணி நேரத்துக்குத் தள்ளிவிடுகிறது. எங்கள் வீட்டில் அந்த அரைமணி நேரம் மலிவு, ஆறரை மணிதான் விலை ஜாஸ்தி.

இந்தச் சாதனம் பிறந்ததும் இதே சிகாகோவில்தான். இர்விங் நாக்ஸன் என்பவர் 1940-இல் காப்புரிமை பெற்று, பீன்ஸ் வேகவைக்கும் பானையாக விற்றார். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்கு முந்தின மாலையே பேக்கரி அடுப்பில் வைத்து, மறுநாள் எடுத்துச் சாப்பிடும் சோலண்ட் என்ற உணவைப் பற்றி அவருடைய அம்மா சொன்ன கதைதான் அதற்குத் தூண்டுதல். பிறகு ரைவல் நிறுவனம் அதை வாங்கி, 1971-இல் க்ராக்-பாட் என்ற பெயரில் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்களைக் குறிவைத்து விளம்பரம் செய்ய, அது வீடு வீடாகப் போனது. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாதவர்களுக்காக உண்டான சமையல், அடுப்பு மூட்ட நேரமில்லாதவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, எங்கள் வீட்டுக் கோழிக் குழம்புக்கு வருகிறேன். எலும்போடு தோல் உரித்த தொடைக்கறிதான் இதற்கு ஏற்றது. நெஞ்சுக்கறியை ஏழெட்டு மணி நேரம் போட்டால் நார் நாராக, சக்கையாக வரும். தொடையில் கொழுப்பும் சவ்வும் இருப்பதால் எவ்வளவு நேரம் வெந்தாலும் தாங்கும். ராத்திரியே வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி எல்லாவற்றையும் வாணலியில் எண்ணெய் பிரியும்வரை வதக்கி, மசாலாத் தூளைப் போட்டுப் புரட்டி, ஆறவிட்டு ஒரு டப்பாவில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். கோழியைத் தனி டப்பாவில் வைக்க வேண்டும். காலையில் இரண்டையும் பானையில் கொட்டி, உப்புப் போட்டு, மெதுவாகச் சூடேறும் லோ அமைப்பில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

வதக்காமல் எல்லாவற்றையும் பச்சையாகக் கொட்டினால் போதும் என்று சொல்லும் அமெரிக்க ரெசிப்பிகள் ஏராளம். நம் குழம்புக்கு அது ஒத்துவராது. இந்தப் பானைக்குள் சூடு தண்ணீர் கொதிக்கும் நிலையைத் தாண்டவே தாண்டாது. வெங்காயம் சிவக்க அதைவிட எவ்வளவோ அதிகச் சூடு வேண்டும். எட்டு மணி நேரம் வெந்தாலும் அது வெந்த வெங்காயம்தானே தவிர, வதங்கிய வெங்காயம் ஆகாது. பூண்டின் பச்சை வாசனையும் அப்படியே நிற்கும்.

தண்ணீர் விஷயமும் முக்கியம். மூடியில் படியும் ஆவி திரும்பப் பானைக்குள்ளேயே சொட்டுவதால் எதுவும் வற்றாது. கோழியே நிறையத் தண்ணீர் விடும். ஒன்றரைக் கிலோ கறிக்கு அரை டம்ளர் தண்ணீர் எனக்குப் போதுமாக இருக்கிறது. சாயங்காலம் மூடியைத் திறக்கும்போது மேலே ஒரு எண்ணெய்ப் படலம், அதன் கீழே நிறம் மங்கிய குழம்பு, எலும்பின் நுனியிலிருந்து ஒரு விரல் அளவுக்குக் கறி மேலே ஏறிச் சுருங்கியிருக்கும். கரண்டி பட்டாலே எலும்பு தனியாக வந்துவிடும். மணம் மட்டும் மட்டுப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் அரைத்த தேங்காயைக் கலந்து, வேகமாகச் சூடேறும் ஹையில் அரைமணி நேரம் வைத்து, கடைசியில் சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்து, கொஞ்சம் மிளகுத்தூளும் தூவினால் குழம்பு உயிர் பெற்றுவிடும். தேங்காயைக் காலையிலேயே சேர்த்தால் திரிந்துபோகும். பட்டை, கிராம்பு இரண்டையும் வழக்கத்தில் பாதி போட்டால் போதும். நேரம் ஆக ஆகக் கசப்புவரை இழுத்துக்கொண்டு போய்விடும்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது வேறு. தொடைக்கறி, ஒரு பாட்டில் சல்சா (மெக்சிகோ பாணித் தக்காளிச் சட்னி), கேனில் வரும் கருப்பு பீன்ஸ், ஒரு கை மக்காச்சோளம். வதக்கல், தாளிப்பு எதுவும் கிடையாது. மாலையில் இரண்டு முட்கரண்டியால் கறியை உதிர்த்துவிட்டால் சப்பாத்தி போன்ற டார்ட்டியாவில் சுற்றிச் சாப்பிடலாம், மறுநாள் லஞ்ச் பாக்ஸுக்கும் ஆகும். மேலே சொன்ன அமெரிக்க ரெசிப்பிகள் இந்த மாதிரிச் சாப்பாட்டுக்கு உண்மையிலேயே பொருந்துகின்றன. சளி பிடித்த வாரத்தில் கோழி எலும்பு, மிளகு, சீரகம், பூண்டு போட்டு ராத்திரி முழுவதும் விட்டால் காலையில் சூப் தயார்.

காய்கறிக்கு வருகிறேன். வெண்டைக்காய், கத்திரிக்காய், புடலங்காய் எல்லாம் கூழாகிவிடும். காலிஃப்ளவர் உருவத்தோடு இருந்தாலும், அந்தக் கந்தக வாடை குழம்பு முழுக்க ஏறிவிடும். மாறாக கேரட், பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, டர்னிப் எல்லாம் அருமையாக வரும். கிழங்கு வகைகளை அடியில் போட வேண்டும். இந்தப் பானையில் கறியைவிடக் கிழங்குதான் வேக நேரம் எடுக்கும் என்பது நம் அனுபவத்துக்குத் தலைகீழான சங்கதி. உருளைக்கிழங்கைத் தக்காளியோடு போட்டால் இன்னும் மோசம், புளிப்பு அதை மெத்தென்று வேகவே விடாது.

சாம்பாருக்கும் அதே கதை. துவரம்பருப்பு, புளி, காய் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் சாயங்காலமும் பருப்பு முழிமுழியாக நம்மைப் பார்க்கும். மைசூர்ப் பருப்பும் பரங்கிக்காயும் மஞ்சளும் மட்டும் போட்டு, புளியைக் கடைசியில் கரைத்து ஊற்றினால் நன்றாக இருக்கிறது. ஆனால் மைசூர்ப் பருப்பு சாதாரணப் பாத்திரத்திலேயே இருபது நிமிடத்தில் வெந்துவிடும், அப்புறம் இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பானை? சைவ வீட்டில் இது உண்மையாகவே உழைப்பது ஊறவைத்த கொண்டைக்கடலைக்கும் காய்கறி சூப்புக்கும்தான். அதற்காக மட்டும் சமையல் மேடையில் இவ்வளவு இடத்தைக் கொடுக்கலாமா என்பது அவரவர் வசதி.

ராஜ்மா மட்டும் தனி. காய்ந்த சிவப்பு ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. அதிலிருக்கும் லெக்டின் என்ற நச்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். அரைகுறைச் சூட்டில் வெந்தால் வாந்தி, வயிற்றுப்போக்குவரை கொண்டுபோய் விடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரைமணி நேரம் அடுப்பில் கொதிக்கவிடச் சொல்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கேனில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

கோழிக்கும் சில விதிகள் உண்டு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டிக் கறியை அப்படியே போடக் கூடாது, முந்தின நாளே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி உருகவிட வேண்டும். 4 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமி பெருகும் சூடு. கட்டியாகப் போட்டால் கறி அதற்குள்ளேயே பல மணி நேரம் கிடக்கும். வெந்ததா என்று பார்க்க ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கறியின் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும். பானையைப் பாதிக்குக் குறையாமல், முக்காலுக்குப் போகாமல் நிரப்பினால் போதும். நடுவில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம், ஒருமுறை திறந்தால் இருபது முப்பது நிமிடம் கூடுதலாக ஆகும். மிச்சக் குழம்பைச் சூடுபண்ணவும் இது ஆகாது, அதற்கு அடுப்போ மைக்ரோவேவோதான்.

லோ, ஹை இரண்டும் கடைசியில் எட்டும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான், போய்ச் சேரும் நேரம்தான் வேறு. எங்களுடையது டிஜிட்டல் மாடல். நேரம் முடிந்தால், சூடு ஆறாமல் மட்டும் வைத்திருக்கும் வார்முக்குத் தானாக மாறும், பனிப்புயலில் டிராஃபிக் மாட்டினாலும் கவலையில்லை. ஆனால் ஒரு நொடி மின்சாரம் போய்வந்தாலும் அணைந்துவிடும். குமிழ் வைத்த சாதா மாடல் தானாகத் திரும்ப ஓடும், நடுவே எவ்வளவு நேரம் நின்றது என்பதுதான் தெரியாது. அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பார்ப்பேன். அது மின்னிக்கொண்டிருந்தால், குழம்பு எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். கரண்ட் செலவு பெரிதில்லை. ஆறு குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) பானை 250 வாட் என்று வைத்துக்கொண்டாலும் எட்டு மணி நேரத்துக்கு 2 யூனிட்தான்.

நாள்பட்ட தேய்மானம் என்று பார்த்தால், பட்டன் எழுத்துகள் அழிந்துவிட்டன, மூடிக் குமிழ் ஆடுகிறது. கண்ணாடி மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் மஞ்சளாகி, சோடா உப்பில் ஊறவைத்தாலும் மசாலா வாசனையை விடமாட்டேன் என்கிறது. உள்பானை மட்டும் இன்னும் புதுசு போல இருக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பானையைச் சூடான அடியில் வைக்காமலிருந்தால் விரிசல் விடாது. குளிர்காலத்தில் ஜன்னல் திறக்க முடியாது என்பதால் வாசல் அலமாரியில் தொங்கும் கோட்டெல்லாம் கோழிக் குழம்பு மணக்கும். கராஜில் வைப்பவர்கள் உண்டு. ஜனவரிக் குளிரில் அங்கே சூடேறவே நேரமாகும் என்பதால் நான் கறியை அங்கே வைப்பதில்லை.

இது போனால் அடுத்ததும் ஆறு குவார்ட், நீள்வட்டம், தானாக வார்முக்கு மாறுவதாகவே வாங்குவேன். நாலு பேருக்கு நாலு குவார்ட் போதுமே என்கிறாள் மனைவி. மறுநாள் லஞ்ச் பாக்ஸ் கட்டுவது நான் என்பதால் அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.