வாடகை ஊன்றுகோலும் மரத்துப்போன கையும்

இடது கணுக்கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு வெளியே வந்தபோது டாக்டர் சொன்னது ஒரே வரி: "6 வாரம் இந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, ஊன்றுகோல் கட்டை வாங்கிக்கொள்ளுங்கள்." கட்டையை வைத்து எப்படி நடப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற நினைப்புதான்.

மருத்துவச் சாமான்களை வாடகைக்கு விடும் கடைக்குப் போனேன். ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த என்னைக் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுவரில் சாத்தியிருந்ததில் ஒரு ஜோடியை எடுத்து நீட்டினார். கொஞ்சம் உயரமாகத் தெரிகிறதே என்றேன். "அப்படித்தான் இருக்கணும். அக்குள்ல நல்லா முட்டுக் கொடுத்து முழுப் பாரத்தையும் போடுங்க. அதுக்குத்தானே மேல பஞ்சு வச்சிருக்கு?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நம்பிவிட்டேன்.

நான்காம் நாள் அக்குள் தோல் உரிந்தது. நான் செய்த புத்திசாலித்தனம், மேல் பஞ்சின் மீது ஒரு துண்டை மடித்துச் சுற்றியது. ஏற்கெனவே உயரமான கட்டையை நானே இன்னும் ஒரு விரல்கடை உயர்த்திவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை. இரண்டாம் வாரத் தொடக்கத்தில் வலது கட்டைவிரலுக்குப் பின்னால் புறங்கை மரத்துப்போனது. தண்ணீர்க் குவளையைத் தூக்கினால் மணிக்கட்டு நிற்காமல் மடங்கியது. தூக்கத்தில் கை அமுங்கியிருக்கும் என்று உதறிவிட்டுக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துக் குளியலறை வாசலில் ஒரு கட்டை சறுக்கியது. கையில் பிடி இல்லாததால் மறு கட்டையும் நழுவ, கட்டுப் போட்ட கால் தரையில் மோதியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பு விலகவில்லை. தப்பினேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அவர் என் காலைப் பார்க்கும் முன்பே கட்டையைத்தான் பார்த்தார். "இதில் நடக்கிறீர்களா, தொங்குகிறீர்களா?" என்றார்.

அக்குள் பாரம் தாங்குகிற இடமே இல்லையாம். கைக்குப் போகும் நரம்புகள் அந்த வழியாகத்தான் போகின்றன. அங்கே நாள்கணக்கில் அழுத்தினால் முதலில் மரப்பு வரும், அப்புறம் மணிக்கட்டை மேலே தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். பாரம் முழுவதும் உள்ளங்கையில், கைப்பிடியில்தான் விழ வேண்டும். மேலே உள்ள பஞ்சு, கட்டை விலகாமல் விலாவோடு இடுக்கிக்கொள்வதற்கு மட்டும். கடைக்காரர் சொன்னதற்கு நேர் எதிர்.

அளவும் அதற்கேற்ப இருக்க வேண்டும். நடக்கும்போது போடும் செருப்பைப் போட்டு நிமிர்ந்து நின்றால், கட்டையின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை லேசாக, 20 முதல் 30 பாகை வரை மடங்கியிருந்தால் சரி. என்னுடையதில் மேலே ஒரு விரல்கூட நுழையவில்லை. இதைக் கடையிலேயே பார்த்திருக்கலாம், ஒரு நிமிட வேலை.

அடுத்து கட்டையைத் தலைகீழாகத் திருப்பினார். ஒன்றில் அடி ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் உலோகக் குழாய் எட்டிப் பார்த்தது. இன்னொன்றில் மாட்டியிருந்தது நாற்காலிக் காலுக்குப் போடும் மூடி! ஈரத் தரையைப் பற்றுகிற வரி எதுவும் அதில் கிடையாது. அதுதான் அன்று வழுக்கியது. உயரத்தை மாற்றும் ஸ்பிரிங் பட்டன் ஒன்றும் துளை வழியே பாதிதான் வெளியே வந்திருந்தது. எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய்க் கட்டை சட்டென்று இறங்கியிருக்கும்.

படிக்கட்டில் நான் செய்துகொண்டிருந்ததைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். சரியான முறை இதுதானாம்: ஏறும்போது நல்ல கால் முதலில், பின்னாலேயே கட்டையும் அடிபட்ட காலும். இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில் போக வேண்டும். கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு கட்டையை மறு கைக்கு மாற்றிவிடலாம். முதல் சில தடவை பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் படியில் கால் வைக்கவே கூடாது என்றார். அளவைச் சரிசெய்த மூன்றாம் வாரத்தில் கை பழையபடி ஆனது. எல்லோருக்கும் இவ்வளவு சீக்கிரம் சரியாகாதாம். மரத்துப்போன அன்றே போயிருக்க வேண்டும் என்று திட்டும் விழுந்தது.

எலும்பு கூடிய பிறகு கைத்தடிக்கு மாறச் சொன்னார்கள். கட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அதே கடைக்காரர் ஒரு பெரியவருக்குக் கைத்தடி காட்டிக்கொண்டிருந்தார். "எந்த முட்டி வலிக்குதோ அந்தப் பக்கக் கையில பிடிங்க ஐயா." எனக்குப் பொறுக்கவில்லை. தடியை வலி இல்லாத பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும், வலிக்கிற கால் எட்டு வைக்கும்போது தடியும் கூடவே போக வேண்டும் என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் கையை மாற்றி நாலு எட்டு நடந்து பார்த்தார். "அட, இது தேவலையே தம்பி" என்றார். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

கட்டைகளுக்கு நானே புது ரப்பர் வாங்கி மாட்டியிருந்தேன். "இதுக்கெல்லாம் வாடகையில கழிக்க முடியாது சார்" என்று முந்திக்கொண்டு சொன்னார். உயரத்தைக்கூடப் பார்க்காமல் அவற்றைப் பழைய சுவரிலேயே கொண்டுபோய்ச் சாத்தினார்.

நாற்காலி மூடி இன்னும் என் மேசை மீதுதான் இருக்கிறது.