கடலோர வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு: பணம் யார் கட்டுவது?

அமெரிக்காவின் வட கரோலினாவில் ரொடாந்தே என்று ஒரு கடற்கரை ஊர். 2022 மே 10 அன்று, ஒரே நாளில், அங்கே இரண்டு வீடுகள் கடலில் விழுந்தன. மரக்கால்கள் மேல் நின்ற ஒரு வீடு அலை அடிக்க அடிக்க முழங்கால் மடங்குவதுபோல் சரிந்து, கூரையோடு மிதந்து போன வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆணி அடித்த பலகைகள் மைல் கணக்கில் கரை ஒதுங்கின.

அந்த மாதிரி வீடு விழப்போகிறது என்று பல மாதங்களுக்கு முன்பே ஊருக்கே தெரியும். ஆனாலும் உரிமையாளர் முன்கூட்டியே இடித்தால் செலவு அவர் கையிலிருந்து போகும். அரசின் வெள்ளக் காப்பீடு, வீடு விழுந்த பிறகுதான் பணம் தரும். இதைச் சரிசெய்ய 1987-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது: விழும் நிலையில் உள்ள வீட்டை இடிக்கவோ நகர்த்தவோ முன்கூட்டியே பணம் வாங்கலாம். 1994-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். கடலோர வீட்டுக்கு யார் காப்பீடு கட்டுவது என்ற கேள்வியை நான் இந்த வீட்டிலிருந்துதான் பார்க்கிறேன். எந்த முறையாக இருந்தாலும் இரண்டைத்தான் கேட்பேன். பணமில்லாதவரை அது நடுத்தெருவில் விடுகிறதா? விழப்போகிற வீட்டிலிருந்து மனிதரை வெளியே கொண்டுவருகிறதா?

முதலில் அமெரிக்க வழி. வெள்ளத்துக்குக் காப்பீடு கொடுக்கத் தனியார் நிறுவனங்கள் தயங்கியதால் 1968-இல் ஒன்றிய அரசே திட்டம் தொடங்கியது. கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர். பேச்சுக்கு, வீட்டுக்காரர்தான் பிரீமியம் கட்டுகிறார். ஆனால் பிரீமியம் பல காலம் உண்மையான ஆபத்தைவிடக் குறைவாகவே இருந்தது. கத்ரீனா, சாண்டி, ஹார்வி என்று புயல்கள் வந்தபோது கஜானாவில் கடன் வாங்கித்தான் இழப்பீடு கொடுத்தார்கள். 2017-இல் அமெரிக்க நாடாளுமன்றம் 1,600 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகும் 2,000 கோடிக்கு மேல் பாக்கி. கடலையே பார்க்காத ஒகாயோ வாடகைக்காரரின் வரிப்பணமும் அந்தத் தள்ளுபடியில் சேர்த்தி.

சரி, ஆபத்துக்கு ஏற்ற விலையையே வாங்கிவிடலாம் என்று 2012-இல் சட்டம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, 2014-இல் பாதியைத் திரும்பப் பெற்றார்கள். 2021 அக்டோபரில் புதிய கணக்கு முறை வந்தது: தண்ணீர் எவ்வளவு தூரம், எத்தனை விதமாக வெள்ளம் வரலாம், வீட்டைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று வீடு வீடாகப் பார்ப்பது. இதில் ஒரு நியாயம் உண்டு. பழைய முறையில் மலிவான வீட்டுக்காரர் கூடுதலாகக் கட்ட, கடற்கரை மாளிகைக்காரர் குறைவாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஆனால் லூசியானா கரையில் தாத்தா கட்டிய வீட்டில் ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்கும் அதே கணக்குதான். ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற வரம்பு குடியிருக்கும் வீட்டுக்கு உண்டு. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் 18 சதவீதம் ஏறினால் நான்கைந்து வருடத்தில் இரட்டிப்பாகிவிடுமே! வங்கிக் கடன் இருக்கிறவரை பாலிசியை விட முடியாது. கடன் முடிந்தவர் விட்டுவிடுகிறார். அடுத்த புயலில் அவர் வீடு போனால் நிவாரணம் என்ற பெயரில் அரசுதான் ஏதோ கொஞ்சம் கொடுக்கும், வீடு கட்டப் போதாத தொகையாக. வருமானம் குறைந்தவருக்குப் பிரீமியத்தில் உதவலாம் என்று 2022-இல் அந்தத் திட்டத்தை நடத்தும் முகமையே கேட்டது. நடக்கவில்லை.

பிரான்சில் வேறு வழி. நம் ஊர்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்களே, ஏறக்குறைய அப்படி. 1982 சட்டப்படி, வீட்டுக் காப்பீடு எடுக்கிற ஒவ்வொருவரும் இயற்கைப் பேரிடருக்கென்று பிரீமியத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் சேர்த்துக் கட்டுகிறார்கள். நெடுங்காலம் 12 ஆக இருந்தது; 2025 முதல் 20. ஆல்ப்ஸ் மலைக்காரருக்கும் அட்லாண்டிக் கரைக்காரருக்கும் ஒரே விகிதம். பின்னால் அரசு உத்தரவாதத்தோடு மறுகாப்பீடு, அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்கே ஒரு காப்பீடு. இதில் பணமில்லை என்பதற்காக யாரும் வெள்ளத்துக்கு மட்டும் பாலிசி இல்லாமல் நிற்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் ஆபத்தான இடத்தில் கட்டியவருக்கு விலை எதுவும் சொல்வதில்லை. 2010 பிப்ரவரியில் சிந்தியா புயலில் லா ஃபோத் சுர் மேர் என்ற சிறு கடலோர ஊரில் மட்டும் 29 பேர் இறந்தார்கள். கடல்மட்டத்தையொட்டிய தாழ்நிலத்தில் வீடுகள் கட்ட விட்டிருந்தார்கள். பிறகு அரசு அந்த வீடுகளை விலை கொடுத்து வாங்கி இடித்தது. அப்புறம் சூலாக் ஊரின் 'லெ சிக்னால்' அடுக்குமாடி. 1960-களில் கட்டியபோது கடல் 200 மீட்டர் தள்ளி இருந்தது. 2014-இல் 78 வீடுகளையும் காலி செய்யச் சொன்னபோது இருபது மீட்டர்கூட இல்லை. கடலரிப்பு மெல்ல நடப்பது, முன்கூட்டியே தெரிவது, அதனால் பேரிடர்க் காப்பீட்டில் வராது என்றார்கள். பல வருடம் போராடித்தான் தனி நிதியிலிருந்து பணம் கிடைத்தது. 2023-இல் கட்டடத்தை இடித்தார்கள். எல்லோரும் சேர்ந்து கட்டும் பணம் இருந்தும், மெதுவாக வரும் கடலுக்கு அது உதவவில்லை.

பிரிட்டன் நடுவில் நிற்கிறது. 2016-இல் தொடங்கிய 'ஃபிளட் ரீ' என்ற பொது நிதிக்கு எல்லா வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்களும் பணம் கட்டுகின்றன. அந்தச் சுமை எல்லா வாடிக்கையாளர் மேலும் பரவுகிறது. வெள்ள ஆபத்துள்ள வீட்டின் பங்கு, உள்ளாட்சி வரிப் பிரிவைப் பொறுத்தது; எளிய வீட்டுக்குக் குறைவு. இதில் நான் மதிப்பது ஒரு தேதிக் கோட்டை: 2009 ஜனவரி 1-க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு இடமில்லை. தெரிந்தே தாழ்வில் கட்டுகிறவருக்கு ஊர் பணம் கட்டாது. ஏற்கெனவே இருப்பவருக்குக் கட்டும். குறை என்னவென்றால், ஏற்பாடு முழுவதும் 2039-இல் முடிகிறது. அதற்குள் ஆபத்து குறைந்திருக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

என்னைக் கேட்டால் பிரான்சின் வரி, பிரிட்டனின் தேதிக்கோடு, அதோடு 1987-இன் அமெரிக்கத் திருத்தம் மூன்றும் சேரவேண்டும். எல்லோரும் கட்டுவோம், புதிதாகக் கரையில் கட்டுகிறவரும், இரண்டாவது வீடு வைத்திருப்பவரும் முழு விலை கட்டட்டும், வீடு விழும்முன் வெளியேற விரும்புகிறவருக்கு அந்தப் பணம் முன்னதாகவே கிடைக்கட்டும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை? 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூரில் என் அக்கா வீட்டில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். அரசு கொடுத்த 5,000 ரூபாயை வைத்துக்கொண்டு சுவரையும் கட்டிலையும் பார்த்தோம். வீட்டுக் கடன் கொடுத்த வங்கி ஒரு பாலிசி எடுத்திருந்தது, பிரீமியம் தவணையோடு போயிருக்கிறது, அதில் வெள்ளமும் உண்டு. மூன்று மாதம் கழித்துக் கடன் கோப்பைப் புரட்டும்போதுதான் தெரிந்தது. தாமதமாகச் சொன்னீர்கள் என்று கிளெய்மை மறுத்துவிட்டார்கள். அக்காவிடமாவது பத்திரம் இருந்தது. காசிமேட்டிலும் எண்ணூரிலும் பட்டா இல்லாத குப்பத்து வீட்டுக்கு யார் பாலிசி எழுதுவார்கள்? அங்கே முழுப் பணமும் வீட்டுக்காரர்தான் கட்டுகிறார், கந்துவட்டிக்கு வாங்கி.

வழி இல்லாமல் இல்லை. சென்னையில் சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை வசூலாகிறது. பிரான்ஸ் மாதிரி அதில் ஒரு சிறு சதவீதம் சேர்க்கலாம். 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்தே வழங்கினார்கள். அங்கே யாரும் பட்டா கேட்கவில்லை.