பிராண்டு ஹப்பை விட்டு வெளியே: இசட்எச்ஏவா, ஜிக்பீ2எம்க்யூடிடியா, பழைய பிரிட்ஜேவா?

ஹியூ பல்பு, ஐகியா பல்பு, அகாரா சென்சார் என்று வீட்டில் மூன்று பிராண்டு சேர்ந்தால் மூன்று ஹப் (இணைப்புப் பெட்டி), மூன்று ஆப். இவற்றில் பெரும்பாலானவை பேசுவது ஜிக்பீ என்ற கம்பியில்லா மொழிதான். வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள் ஓடும் கணினியில் ஒரு ஜிக்பீ டாங்கிளை (யுஎஸ்பி ரேடியோ) செருகினால் எல்லாவற்றையும் ஒரே வலைக்குள் கொண்டுவரலாம்.

சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் இசட்எச்ஏ (ZHA) என்ற இணைப்பு மென்பொருள். ஹோம் அசிஸ்டென்ட்டிலேயே இருக்கிறது, தனி சர்வர் எதுவும் வேண்டாம். பல்பு, பிளக், கதவு சென்சார் போன்றவற்றுக்கு இதுவே தாராளம். தரநிலையை மதிக்காத சாதனம் வந்தால்தான் தகராறு. துயா வகை ஆள்நடமாட்ட சென்சாரை இணைப்பீர்கள். ஆள் இருப்பது தெரியும், உணர்திறனை மாற்றும் அமைப்பு காணாது. அந்த மாடலுக்கான ‘குவிர்க்’ என்ற சிறு நிரல் எழுதப்படும்வரை அப்படித்தான்.

ஜிக்பீ2எம்க்யூடிடி (Zigbee2MQTT) என்ற தனி மென்பொருள் அந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு ஆதரவு உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கமும் உண்டு. ஃபர்ம்வேர் அப்டேட், குழு, பைண்டிங் (சுவிட்சை நேரடியாகப் பல்போடு இணைப்பது) எல்லாம் அதன் திரையிலேயே முடியும். தனி சேவையாக ஓடுவதால் ஹோம் அசிஸ்டென்ட்டை ரீஸ்டார்ட் செய்தாலும் ஜிக்பீ வலை விழாது. விலை என்னவென்றால் இடையில் செய்திகளைக் கைமாற்றிவிடும் மோஸ்கிட்டோ புரோக்கரையும் நீங்களே நிறுவிப் பராமரிக்க வேண்டும். முதல் சாதனத்தை இணைக்கும் முன்பே நெட்வொர்க் கீயையும் (வலையின் ரகசியச் சாவி) சேனலையும் (அலைவரிசை) பார்த்துவிடுங்கள். கீ ஊரறிந்த இயல்புநிலை கீயாக இருந்தால் புதிதாக உருவாக்கச் சொல்லுங்கள். பிறகு கீயை மாற்றினால் அத்தனை சாதனத்தையும் மறுபடி இணைக்க வேண்டியதுதான். ஒரே டாங்கிளை இரண்டு மென்பொருளும் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியாது. இசட்எச்ஏவை நிறுத்திவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது வழியை, அதாவது ஹியூவின் ஹப்பான பழைய பிரிட்ஜையே வைத்துக்கொள்வதை, அவசரப்பட்டு ஒதுக்க வேண்டாம். ஹியூ பிரிட்ஜை ஹோம் அசிஸ்டென்ட்டோடு இணைக்க அதன் வட்டப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும்; போக்குவரத்து வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே நடக்கும். டிவியோடு ஒத்து மாறும் வெளிச்சம் போன்ற ஹியூவின் சொந்த வித்தைகள் பிழைப்பதும் இதில் மட்டும்தான். ஆனால் ஜிக்பீயில் பல்பு, பிளக் போன்றவைதான் சிக்னலைக் கடத்திவிடும் ரூட்டர்கள். பல்புகள் பிரிட்ஜின் வலையில் இருந்தால், டாங்கிளின் வலையில் இருக்கும் சென்சார்களுக்கு உதவாது. அந்த வலைக்கு இரண்டு மூன்று ஸ்மார்ட் பிளக்காவது வேண்டும்.

டாங்கிளுக்கு மாற்றுவதென்றால் பழைய உறவை முதலில் வெட்ட வேண்டும். பிரிட்ஜில் இருந்த ஹியூ பல்பை அந்த ஆப்பிலேயே நீக்குங்கள். பிரிட்ஜ் கைவசம் இல்லையா? பழைய மாடல் ஹியூ டிம்மரைப் பல்புக்கு மிக அருகில் பிடித்து, ஆன், ஆஃப் பட்டன்களைச் சேர்த்துப் பத்து விநாடி அழுத்தினால் பல்பு சிமிட்டி ரீசெட் ஆகும். ஐகியா பல்புக்கு வேகமாக ஆறு முறை சுவிட்சைப் போட்டு அணைக்க வேண்டும். அகாரா சென்சாரில் பட்டனை ஐந்து விநாடி அழுத்துங்கள். பிறகு மென்பொருள் அதன் விவரங்களைச் சேகரித்து முடிக்கும்வரை அதே பட்டனை விநாடிக்கு ஒருமுறை லேசாகத் தட்டிக்கொண்டே இருங்கள். பேட்டரி சாதனம் பாதியில் தூங்கிப்போவதுதான் ‘இணைந்தது, ஆனால் பெயர் வரவில்லை’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம்.

‘பக்கத்து அறையிலேயே சிக்னல் இல்லை’ என்றால் சென்சாரைக் குறை சொல்லும் முன் டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3 துளையின் இரைச்சல் ஜிக்பீ ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்சிலேயே விழுகிறது. ஒரு மீட்டர் நீட்டிப்பு வயர் போட்டு, யுஎஸ்பி 2 துளையில் செருகி, கணினியை விட்டுத் தள்ளி வையுங்கள். அடுத்தது சேனல். ஜிக்பீ சேனல் 11 என்பது 2405 மெகாஹெர்ட்ஸ், வைஃபை சேனல் 1-க்குள்ளேயே உட்காருகிறது. 15, 20, 25 இவற்றில் உங்கள் வைஃபைக்குத் தள்ளி இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 26 வேண்டாம், சில சாதனங்கள் அதில் தடுமாறும்.

மின்சாரத்தில் ஓடும் பிளக், பல்புகளை முதலில் இணையுங்கள், சென்சார்களைக் கடைசியில், அவை நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்தில் வைத்தே. சுவர் சுவிட்சில் யாராவது அந்தப் பல்பை அணைத்தால் அதை நம்பியிருந்த சென்சாரும் காணாமல் போகலாம். பழைய அகாராக்கள் வேறு ரூட்டரைத் தேடிப் போவதில் படு சோம்பேறிகள்.