மொரிஸ் மைனரில் ஃபொக் லைட் செட்: வெளிச்சம் அருமை, வயரிங் ஆபத்து

பண்டாரவளையில் ஒஸ்டின் ஏ40 என்ற பழைய கார் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, நீங்க பூட்டியிருக்கிற ஃபொக் லைட் செட் இப்ப விலை இறங்கியிருக்கு. வாங்கலாமா?" ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அண்மையில்தான் கராஜில் அந்த செட்டின் வயரைப் பிரித்துப் பார்த்தோம். அதிலிருந்து எனக்குக் கோபம் ஆறவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டுவது மொரிஸ் மைனர் 1000. தலவாக்கலை தாண்டி நானுஓயாப் பக்கம் ஏறும்போது பின்னேரமே மிஸ்ட் இறங்கிவிடும். ஹெட்லைட்டைப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். வீதியோரக் கான் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இந்த லைட்டுகளை பம்பருக்குக் கீழே தாழ்த்திப் பூட்டிய பிறகு வெளிச்சம் பனிக்கு அடியால் போகிறது. வெள்ளைக்கோடு தெரிகிறது, கான் தெரிகிறது, வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் தெரிகிறது. மே மாதம் தொடங்கும் மழையில் வருஷக்கணக்கில் நனைந்தும் கண்ணாடிக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இதைவிட நல்ல லைட்டை நான் இந்தக் காரில் பூட்டியதில்லை.

ஆனால் பெட்டிக்குள் கூடவே தந்த வயரிங் இருக்கிறதே, அதை மன்னிக்க முடியவில்லை.

வைப்பர் வேலை செய்யவில்லை என்று காரைக் கராஜுக்குக் கொண்டுபோயிருந்தேன். மெக்கானிக் பாஸ் பொனட்டைத் திறந்து, மட்கார்ட் ஓரமாக ஓடும் ஃபொக் லைட் வயரை விரலால் தூக்கிக் காட்டினார். தகரத்தின் விளிம்பில் உரசி உரசி மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் பாடியில் பட்டிருக்கும். அப்படிப் பட்டாலும் பியூஸ் போயிருக்காது. ஏனென்றால் அந்த செட்டில் பியூஸை வைத்திருப்பது ரிலேயை (சுவிட்சின் சிறு கரண்டில் இயங்கி, லைட்டுக்குப் பெரிய கரண்டை விடும் சின்னப் பெட்டி) தாண்டி, லைட்டுக்குப் போகிற வழியில். பேட்டரியிலிருந்து ரிலே வரைக்கும் ஓடும் வயருக்குக் காவலே இல்லை. பியூஸின் முதல் வேலை வயரைக் காப்பது. அது பேட்டரிக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஷோர்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். வயர் சில நொடியில் சிவந்து, பக்கத்தில் கட்டியிருக்கும் பழைய வயர்களையும் சேர்த்து எரித்துவிடும்.

நியாயமாகப் பார்த்தால், பல புதுக் கார்களில் பேட்டரி முன்னாலேயே இருக்கிறது, ரிலேக்கு ஒரு சாண் வயர் போதும். மைனரில் பேட்டரி எஞ்சினுக்குப் பின்னால் தட்டில் இருப்பதால் வயர் நீண்டுவிட்டது. அதுவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 30 ஆம்பியர் பியூஸ் போட்டதற்கு என்ன சாக்கு? 55 வாட் பல்ப் இரண்டு, மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டில் 9 ஆம்பியர் சொச்சம். 15 ஆம்பியர் பியூஸ் தாராளம். கொடுத்திருக்கும் வயரோ ஒரு சதுர மில்லிமீட்டர், அந்த 9 ஆம்பியருக்கே அது மட்டுமட்டு. 30 ஆம்பியர் பியூஸ் உருகுவதற்கு முன் வயர் உருகிவிடும்.

மைனருக்குத் தொழிற்சாலையில் போட்டதே இரண்டு பியூஸ்தான். ஹெட்லைட்டுக்குப் பியூஸே கிடையாது. அந்த இரண்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் காலத்து லூக்காஸ் கம்பனி பியூஸில் 35 என்று போட்டிருந்தால் அது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இப்போது கடையில் 35 என்று கேட்டு வாங்கினால் தொடர்ந்து 35 தாங்குவதைத் தந்துவிடுவார்கள். அதைப் போடுவதும் பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பழைய வயரைத் தூக்கிப் போட்டுவிட்டோம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய இரண்டு சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் பியூஸ், தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம், பெயின்ட்டைச் சுரண்டிப் பாடியில் இறுக்கிய தனி எர்த் வயர். சுவிட்சுக்கு மட்டும் பியூஸ் பெட்டியின் பச்சை வயரிலிருந்து எடுத்தோம். ரிலேயின் கொயில் இழுப்பது சொற்பம், சாவியைத் திருப்பி நிறுத்தினால் லைட்டும் நிற்கும். வெளிச்சம் முன்பைவிடக் கூடியிருக்கிறது. மெல்லிய வயரில் வோல்ட் வீணாகியிருக்கிறது.

இன்னொன்று, பேட்டரியைச் சார்ஜ் பண்ணும் மைனரின் டைனமோ நன்றாக ஓடும்போதே சுமார் 22 ஆம்பியர்தான் தரும், மெதுவாக நின்று ஓடும்போது ஒன்றுமே தராது. ஃபொக் லைட் போட்டால் ஹெட்லைட்டை அணைத்து, சின்ன லைட்டை மட்டும் வையுங்கள். மிஸ்டில் அதுதான் நன்றாகவும் தெரியும்.

தம்பிக்குத் தனியாக ஒன்று. உங்கள் ஏ40இல் யாரும் மாற்றியிருக்காவிட்டால் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் இருக்கும்; இப்போதைய கார்களில் மைனஸ். உள்ளே டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது) வைத்த ரிலேயை இப்போதைய கார்களுக்குச் சொன்னபடி பூட்டினால் ஷோர்ட் ஆகும். நீங்கள் பூட்டப் போவதாகப் போனமுறை சொன்ன, சிகரெட் லைட்டர் சொக்கெட்டில் செருகும் போன் சார்ஜர் அதைவிட மோசம். வயரை மாற்றிப் போட்டுச் சரிக்கட்டினாலும் அந்த சொக்கெட்டின் வெளிக்கூட்டில் கரண்ட் இருக்கும். டாஷ்போர்ட் தகரத்தில் பட்டால் போச்சு. பேட்டரியைக் கழற்றும்போதும் முதலில் பிளஸ்ஸைக் கழற்றுங்கள். இளம் மெக்கானிக்குகள் பழக்கத்தில் மைனஸில்தான் ஸ்பானரை வைப்பார்கள்.

அப்போ செட்டை வாங்கலாமா? வேண்டாம். லைட் அருமைதான், என் காரிலிருந்து நான் கழற்றப் போவதுமில்லை. ஆனாலும் அந்த வயரை அப்படியே பூட்டும் ஒருவருக்கு அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் இல்லை. விலையைப் பார்த்து ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், பூட்டாமல் பெட்டியோடு ஹட்டனுக்குக் கொண்டு வாருங்கள், வயரைப் புதிதாக இழுத்துத் தருகிறோம்.