அப்பாவின் கை நடுங்கவில்லை: பினாங்கில் முதல் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு

வயதான அப்பா அம்மாவுக்கோ பள்ளிக்கூடப் பிள்ளைக்கோ சின்னதாக, கைக்கு அடக்கமாக ஒரு கேமரா வாங்கித் தரலாம் என்று நினைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாங்கள் 712 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தோம். காசில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு வாரம் அப்பா பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அப்பா துறைமுகத்தில் 30 வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். காலையில் பசியாறிவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவுக்குப் போய்விடுவார். அங்கே இருக்கும் நாகலிங்க மரங்கள்மேல் அவருக்குத் தனிப் பிரியம். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூக்குமே, அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எத்தனை பூ என்று கணக்குச் சொல்வார். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்கு குட்டியோடு வந்தால் அன்று முழுக்க அதே பேச்சு.

கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவர் விரலெல்லாம் கயிறும் இரும்பும் பிடித்துக் காய்ப்பேறியவை. திரையைத் தொட்டால் சில நேரம் ஒன்றும் நடக்காது, சில நேரம் வேறு ஏதாவது திறந்துகொள்ளும். ஒருநாள் கேட்டார்: "பட்டன் வச்ச கேமரா ஒண்ணு வாங்கலாமாம்மா? அமுக்குனா படம் விழணும், அவ்வளவுதான்." அவர் ஆசைப்பட்டுக் கேட்ட பொருள் என்று வேறு எதுவும் எனக்கு நினைவில்லை. 500 வெள்ளிக்குள் பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை இருவரும் ஜார்ஜ்டவுனுக்குப் போனோம்.

ஒரு பேரங்காடியின் மாடியில், கைப்பேசிக் கடைகளுக்கு நடுவே அந்தக் கடை. கண்ணாடிக்குள் பெயர் தெரிந்த கம்பெனியின் சின்னக் கேமரா ஒன்று விலைச்சீட்டோடு இருந்தது. அதைக் கேட்டேன். "அக்கா, அது காட்சிக்கு வச்சது, பேட்டரி போயிருச்சு, ஸ்டாக் ஹாபிஸ்", அதாவது சரக்கு தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரத் தம்பி. தமிழ்ப் பையன். அப்பா உடனே ஊர், குடும்பம் எல்லாம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். நானும் அந்தப் பேச்சில் கொஞ்சம் அசந்துதான் போனேன். "அதெல்லாம் பழைய மாடல் அங்கிள், 20 மெகாபிக்சல்தான். இதைப் பாருங்க, 48. ஜூம் 16. உங்க மாதிரி புதுசா கத்துக்கிறவங்களுக்குன்னே செஞ்சது" என்று கறுப்பாக ஒன்றை எடுத்து அப்பா கையில் வைத்தார். கேள்விப்படாத பெயர். பட்டன் பெரிதாக இருந்தது. அப்பாவுக்குப் பிடித்துவிட்டது.

கேமரா 499. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மெமரி கார்டு இல்லாமல் ஓடாது, 128 ஜிபி, 79 வெள்ளி. பை 39. மேசைமேல் வைக்கும் குட்டி முக்காலி 35. இரண்டு வருஷ வாரண்டிக்குத் தனியாக 60. "ஆட்டோ ஃபோகஸ்தானே, கிட்டக்க பூவெல்லாம் எடுப்பாரு" என்று கேட்டேன். "நூறு பெர்சன்ட்" என்றார். அன்று மாலை வாட்ஸ்அப்பிலும் அதையே கேட்டு, அதே பதிலை வாங்கி வைத்திருந்தேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

மறுநாள் அப்பா எடுத்து வந்த பூவெல்லாம் மங்கல். வெறும் மங்கல்கூட இல்லை, இளஞ்சிவப்பாக ஏதோ கரைந்து ஓடியதுபோல இருந்தது. பின்னால் இருந்த மரப்பட்டை மட்டும் சுமாராகத் தெரிந்தது. அப்பா திரையைப் பார்த்துவிட்டு, "கை நடுங்குதும்மா, வயசாயிருச்சுல்ல" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மறுநாளும் மங்கல். முக்காலியை ஒரு கல்மேல் வைத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்திருக்கிறார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டு வரவேற்பறையில் பழகிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். இரண்டாவது வாரம் கேமராவை எடுத்துப் போவதையே விட்டுவிட்டார். ரத்த அழுத்த மாத்திரையால் நடுக்கம் வருமா என்று கிளினிக்கில் கேட்கப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவரிடம் மட்டமான கேமராவை விற்பதில் எனக்கு ஆறாதது இதுதான். பழகியவர் என்றால் முதல் படத்திலேயே பொருள் சரியில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். முதல்முறை தொடுகிறவர் தன் கையைத்தான் சந்தேகப்படுவார். கடைக்காரருக்கு அது தெரியும்.

உண்மை வெளிப்பட்டது என் அலுவலகத் தோழியால். அவளிடம் பழைய கேனன் இக்சஸ் 285 ஒன்று இருந்தது, 2016இல் வந்த மாடல். அதை இரவல் வாங்கி அப்பாவிடம் கொடுத்து, நானும் கூடவே பூங்காவுக்குப் போனேன். அதே மரம், அதே கை. பட்டனைப் பாதி அமுக்கியதும் லென்ஸ் உள்ளே மெல்ல உறுமியது, ஒரு பச்சைக் கட்டம் பூவின்மேல் வந்து உட்கார்ந்தது, பீப் என்றது. முழுதாக அமுக்கினார். நாகலிங்கப் பூவின் நடுவே இருக்கும் அந்தச் சின்னச் சின்ன மஞ்சள் நுனிகளைக்கூட ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. அப்பா திரையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

அன்று ராத்திரியே எங்கள் கேமராவை மேசைமேல் வைத்து ஆராய்ந்தேன். கண்டுபிடித்ததை விவரமாகச் சொல்கிறேன், கடையில் நின்றுகொண்டே இதையெல்லாம் நீங்கள் பார்க்க முடியும்.

முதலில் லென்ஸைச் சுற்றி அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். இக்சஸில் 4.5-54.0 மிமீ என்று இரண்டு எண் இருக்கிறது. பெரியதைச் சின்னதால் வகுத்தால் 12. அதுதான் நிஜமான ஜூம், லென்ஸ் கண்ணாடிகள் நகர்ந்து தூரத்தைக் கிட்டே கொண்டுவருவது. எங்கள் கேமராவில் ஒரே ஓர் எண்தான் இருந்தது. அப்படியென்றால் அந்த லென்ஸால் ஜூம் செய்யவே முடியாது. அட்டைப் பெட்டியில் இருந்த "16 மடங்கு" டிஜிட்டல் ஜூம், அதாவது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவது. அதை வீட்டில் கணினியிலேயே செய்துகொள்ளலாம், அதற்கு யாரும் காசு தர வேண்டாம்.

ஃபோகஸும் அப்படித்தான். கடையில் கேமராவை வாங்கி உங்கள் உள்ளங்கை ரேகைக்கு நேராகப் பிடித்துப் பட்டனைப் பாதி அமுக்குங்கள், பிறகு எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை நோக்கி அமுக்குங்கள். திரையில் மங்கலாகித் தெளிவாகிற மாற்றம் தெரிய வேண்டும். எங்களுடையதில் பச்சைக் கட்டம் என்னவோ வந்தது, ஆனால் எதைக் காட்டினாலும் உடனே, ஒரே இடத்தில் வந்தது. அது திரையில் வரைந்த வெறும் கோடு. லென்ஸ் ஒரே தூரத்துக்கு நிலையாக ஒட்டப்பட்டது. அதனால்தான் பின்னால் இருந்த மரப்பட்டை தெரிந்தது, கிட்டே இருந்த பூ கரைந்தது.

48 மெகாபிக்சலுக்கு வருகிறேன், அதாவது படத்தில் 48 மில்லியன் புள்ளிகள். படத்தின் அளவு 8000க்கு 6000 புள்ளி என்றுதான் காட்டியது, பெருக்கினால் கணக்கு சரிதான். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் இலை நரம்பு இல்லை, பட்டையின் வெடிப்பு இல்லை, மெழுகு பூசியதுபோல ஒரு பரப்பு. உள்ளே இருப்பது சின்னக் கைப்பேசி சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) மாதிரி ஒன்று, அது தரும் சின்னப் படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கிவிடுகிறது. ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசி மேசை அகலத்துக்கு விரிப்பார். மாவு என்னவோ அதே உருண்டைதான். கொடாக் பிக்ஸ்புரோ எஃப்இசட்55இல் 16 மெகாபிக்சல்தான், ஜூம் 5 மடங்குதான். ஆனால் இரண்டும் நிஜம். புதியவருக்கு அதுவே தாராளம். மெகாபிக்சலை முதலில் சொல்லும் கடையில் உஷாராக இருங்கள்.

மெமரி கார்டையும் விட்டுவைக்கவில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்று ஓர் இலவச மென்பொருள், கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். 128 ஜிபி என்ற கார்டில் உண்மையில் இருந்தது 8 ஜிபிகூட இல்லை. அது நிறைந்த பிறகு எடுத்ததெல்லாம் பெயர் மட்டும் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. குட்டியோடு வந்த குரங்கை அப்பா எடுத்த வீடியோ அப்படித்தான் போனது. இன்னொரு கேமரா வாங்கலாம், அந்தக் காலையை எங்கே வாங்குவது?

கடைக்குப் போனேன். அந்தத் தம்பி இல்லை, வேறொருவர் இருந்தார். ரெசிட்டைத் திருப்பிக் காட்டினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று மலாயில் ரப்பர் முத்திரை. முன்பக்கத்தில் "டிஜிட்டல் கேமரா 1" என்று மட்டும் எழுதியிருந்தது, பிராண்டும் இல்லை, மாடலும் இல்லை. வாரண்டி, பட்டன் உடைந்தால் மட்டும்தானாம்.

இந்த முத்திரையைப் பார்த்து நிறையப் பேர் அப்படியே திரும்பிவிடுகிறோம். திரும்ப வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும். முத்திரை குத்தி அந்த உரிமையை எடுத்துவிட முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. போராங் 1 என்ற படிவத்தை நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும். 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் வர முடியாது, கடைக்காரரும் நீங்களும் நேருக்கு நேர் பேசுவீர்கள். பினாங்குக்காரர்கள் 1969 முதல் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் அணுகலாம்.

எனக்குச் சிரமம் கொடுத்தது ரெசிட்தான். இந்தக் கேமராவை நாங்கள் விற்கவில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தூக்கம் வரவில்லை. பெட்டியைப் படம் எடுத்தேன், வாட்ஸ்அப் பேச்சை அச்செடுத்தேன், இரண்டு கேமராவிலும் எடுத்த அதே பூவின் படங்களை அருகருகே ஒட்டினேன். தீர்ப்பாய விசாரணை நாளில் அந்தத் தாளை நீட்டியதும் பேச்சு சீக்கிரம் முடிந்தது. கேமரா, கார்டு, வாரண்டி மூன்றுக்கும் சேர்த்து 638 வெள்ளி தர ஒப்புக்கொண்டார்கள். பைக்கும் முக்காலிக்கும் தரவில்லை, நானும் அதற்குமேல் மல்லுக்கட்டவில்லை.

ஆகவே ரெசிட்டில் பிராண்டு, மாடல், சீரியல் எண் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்காதீர்கள். பெயர் தெரிந்த கம்பெனிப் பொருளாக இருந்தாலும், வாரண்டி கம்பெனியுடையதா கடையுடையதா என்று கேளுங்கள். ஏபி செட், அதாவது கம்பெனியின் உள்ளூர் முகவர் வழியாக இல்லாமல் வேறு வழியில் இறக்குமதியானது, என்று சொல்லி விலை குறைத்துத் தருவதில் பல நேரம் கடை வாரண்டிதான் இருக்கும். உங்கள் வீட்டு மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே நாலு படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள்.

தோழி தன் இக்சஸை எங்களுக்கே விற்றுவிட்டாள். அப்பா தினமும் எடுத்துப் போகிறார். கிளினிக் பேச்சு பிறகு வரவே இல்லை.

போன வாரம் வேறு வேலையாக அந்த மாடிக்குப் போக வேண்டியிருந்தது. கடை திறந்திருந்தது. அதே கறுப்புக் கேமரா கண்ணாடிக்குள் இருந்தது, விலைச்சீட்டில் இப்போது 459. ஓர் அம்மா தன் பையனோடு நின்று அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், லென்ஸில் எத்தனை எண் இருக்கிறது பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.