ஜிஓஜி ரிவ்யூ: இந்தக் கடைல நாம காசு குடுக்குறது கேமுக்கு இல்ல, அனுமதிக்கு

பழைய கேம் விக்கிற கடைன்னாலே எல்லாரும் பாக்குறது ரெண்டு விஷயம்தான், விண்டோஸ் 11ல ஓடுதா, விலை கம்மியா. ஜிஓஜிங்கிற (GOG) ஆன்லைன் கேம் கடையை அப்படி அளந்தா பாதிதான் புரியும். ஏன்னா இங்க இருக்குற டாஸ் (விண்டோஸுக்கு முந்தின கம்ப்யூட்டர் சிஸ்டம்) காலத்து கேம் நிறையது தேடத் தெரிஞ்சவங்களுக்கு நெட்ல சும்மாவே கிடைக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற இலவச இணைய நூலகமே 2015 ஜனவரில சுமார் 2,400 டாஸ் கேமை ப்ரவுசர்லயே ஆடுற மாதிரி போட்டுட்டாங்க. அப்புறம் எதுக்குக் காசு குடுக்கணும்? ஜிஓஜி ஆளுங்க அந்த கேம் இப்ப யாரு கைல இருக்குன்னு தேடி, அவங்ககிட்ட பேசி, விக்க அனுமதி வாங்கிட்டு வர்றாங்க பாருங்க, அதுக்குத்தான்.

கம்பெனி மூடிட்டா கேம் பொதுச்சொத்துன்னு நிறைய பேர் நம்பிட்டு இருக்காங்க, அப்படி சட்டத்துல எதுவும் கிடையாது. அமெரிக்கால கம்பெனி பேர்ல வந்த படைப்புக்கு வெளியானதுல இருந்து 95 வருஷம் காப்புரிமை (காப்பிரைட்), அதாவது 1993ல வந்த ஒரு கேம் 2088 முடியுற வரைக்கும் யாரோ ஒருத்தரோட சொத்து. அந்த யாரோ யாருன்னு அவங்களுக்கே தெரியாதுங்கிறதுதான் இதுல பாதி கூத்து. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல ஒரு ஆய்வு விட்டாங்க, அமெரிக்கால 2010க்கு முன்னாடி வந்த கேம்ல 87 சதவீதம் இன்னைக்கு கடைல வாங்கவே முடியாதாம். நூலகத்துல இருக்குற கேமையாவது ஆராய்ச்சிக்கு வீட்ல இருந்து பாக்க விடுங்கன்னு கேட்டதுக்கும் அங்க இருக்குற காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபர்ல முடியாதுன்னுட்டாங்க. ஆக சட்டப்படி ஆடணும்னா யாராவது போய் கேட்டு வாங்கிட்டு வந்தாத்தான் உண்டு.

கேட்டு வாங்குறது எவ்வளவு பெரிய வேலைன்னு தெரியணும்னா சிஸ்டம் ஷாக் 2 கதை போதும். 1999ல வந்த கேம், எடுத்த லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோ 2000லயே மூடிட்டாங்க. ஸ்டுடியோ போனதும் கேமோட உரிமை போய்ச் சேந்த இடம் எது தெரியுமா, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி! பேர் மேல உள்ள உரிமை மட்டும் ஈஏங்கிற பெரிய கேம் கம்பெனி பக்கம். இன்சூரன்ஸ் பாலிசி விக்கிறவங்களுக்கு விண்வெளி திகில் கேம் எதுக்கு, அது பாட்டுக்கு ஃபைல்ல தூங்கிட்டு இருந்துது. ஜிஓஜில ஆளுங்க எங்களுக்கு இந்த கேம் வேணும்னு வருஷக்கணக்கா ஓட்டுப் போட்டு லிஸ்ட்ல உச்சத்துல வச்சிருந்தாங்க, ஆனா ஒண்ணும் நடக்கல. 2012ல ஸ்டீஃபன் கிக்னு ஒருத்தர், மத்திய அமெரிக்கா பக்கம் ஊர் சுத்திட்டு இருந்தவரு, லேப்டாப்ல இதை ஆடலாம்னு பாத்தா ஓடல, விக்க எங்கயாவது இருக்கான்னு பாத்தா அதுவும் இல்ல, கடுப்புல உரிமை யாருகிட்டன்னு தேட ஆரம்பிச்சு அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கே எழுதிக் கேட்டு, அதுக்காகவே நைட்டைவ்ங்கிற கம்பெனியையும் ஆரம்பிச்சு, 2013 பிப்ரவரில கேம் ஜிஓஜிக்கு வந்துடுச்சு. நான் இங்க வாங்கின கேம்லயே அடிக்கடி திரும்பப் போய் ஆடுறது இதுதான், டவுன்லோட் பண்ணி இன்ஸ்டால் பண்ணேன், வேற எதையும் தொடாம ஓடுச்சு.

எல்லா தேடலும் இப்படி சுபமா முடியாது. அதே நைட்டைவ் பின்னாடி தொட்டது நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர், 2000ல மோனோலித் எடுத்தது, ஃபாக்ஸ் இன்டராக்டிவ் வெளியிட்டது. ஃபாக்ஸோட கேம் பிரிவை 2003ல விவெண்டி வாங்குச்சு, விவெண்டி கேம்ஸ் 2008ல ஆக்டிவிஷனோட சேந்துச்சு, மோனோலித்தை 2004ல வார்னர் வாங்கிட்டாங்க. இப்ப ஃபாக்ஸ், ஆக்டிவிஷன், வார்னர் மூணு பேருமே பெரிய கம்பெனி, மூணு பேருக்குமே தன்கிட்ட என்ன பங்கு இருக்குன்னு உறுதியா தெரியல, பேப்பர் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்கு முந்தின காலத்துது, எங்கயோ பெட்டில கிடக்கலாம்ங்கிற மாதிரி ஆக்டிவிஷன் பக்கம் பதில் வந்ததா 2015ல செய்தி வந்துது. பங்கு பிரிக்காத பூர்வீக சொத்து மாதிரிதான், அண்ணன் தம்பி யாரும் அதுல குடியிருக்க மாட்டாங்க, ஆனா விக்கவும் கையெழுத்துப் போட மாட்டாங்க. அதுலயும் ஒருத்தன் உனக்கு பங்கு இருக்குன்னு நிரூபி, அப்ப பேசலாம்னு நிப்பான். அந்த கேம் அங்கயே நின்னுடுச்சு.

ஜிஓஜி ஆளுங்க இந்த விஷயத்துல எந்த அளவுக்குப் போறாங்கன்னா, ஒரு தடவை பிரைவேட் டிடெக்டிவ் வச்சே ஆள் தேடியிருக்காங்க. சில கேமோட உரிமை வாரிசா ஒருத்தருக்குப் போயிருக்கு, அவரு பிரிட்டன்ல ஆள் தொடர்பே இல்லாம ஒதுங்கி வாழ்றவரு, தன்கிட்ட அப்படி ஒரு சொத்து இருக்குன்னே அவருக்குத் தெரியாது. கண்டுபிடிச்சு சொன்னதும் சந்தோஷமா சரின்னுட்டாராம். இதை அவங்களே பேட்டில சொன்னது. ரெசிடென்ட் ஈவில் எடுத்த கேப்காம் கம்பெனி கதை இதுக்கு நேர் எதிர், அங்க ஆள் யாருன்னு தெரியும், மனசு மாத்துறதுதான் வேலை. நாங்கதான் ரீமேக் விட்டுட்டோமே, அதுதானே நல்ல வெர்ஷன், பழசு எதுக்குங்கிறது அவங்க கேள்வி. அப்படிப்பட்டவங்களைப் பேசி சம்மதிக்க வச்சு 2024ல ஒரிஜினல் ரெசிடென்ட் ஈவில் கேம்களை வாங்கிட்டு வந்தாங்க, 2025 ஜனவரில டினோ க்ரைசிஸும் வந்துடுச்சு. புதுசு நல்லா இருக்குங்கிறதால பழசை அழிச்சிடலாம்னு நினைக்கிற பப்ளிஷர்தான் என்னைப் பொறுத்தவரை இன்சூரன்ஸ் கம்பெனியை விட ஆபத்தானவன், இன்சூரன்ஸ்காரனாவது கேட்டா குடுத்துடுவான்.

சரி, அனுமதி கிடைச்சிடுச்சு, கேம் எங்க? இது அடுத்த தலைவலி. பப்ளிஷர்கிட்ட கையெழுத்து இருக்கும், சோர்ஸ் கோடு (கேமை எழுதின மூல ப்ரோக்ராம்) இருக்காது. 1997ல வெஸ்ட்வுட் எடுத்த பிளேட் ரன்னர் அப்படித்தான், சோர்ஸ் தொலைஞ்சு போச்சு. பழைய கேமை புது கம்ப்யூட்டர்ல ஓட வைக்குற ஸ்கம்விஎம்ங்கிற இலவச மென்பொருள் டீம்ல இருக்குற தன்னார்வலர்கள் வருஷக்கணக்கா உக்காந்து, ஓடுற கேமைப் பிரிச்சுப் பாத்துப் பாத்து இன்ஜினை (கேமை ஓட்டுற அடிப்படை ப்ரோக்ராமை) முதல்ல இருந்து திரும்ப எழுதினாங்க, அதை வச்சுதான் 2019 டிசம்பர்ல ஜிஓஜில விக்க முடிஞ்சுது. 2022ல நைட்டைவ் ஒரு என்ஹான்ஸ்டு எடிஷன் விட்டப்போ பழைய வெர்ஷனை கடைல இருந்து தூக்கிட்டாங்க, புதுசு பாக்கவே சகிக்கலன்னு ஆளுங்க கத்தினதுக்கு அப்புறம் பழசு திரும்ப வந்துது. சிஸ்டம் ஷாக் 2க்காக நான் இவ்வளவு புகழ்ந்த அதே நைட்டைவ்தான், என்ன பண்றது.

பப்ளிஷர்களோட லட்சணத்துக்கு இன்னொரு உதாரணம் சொல்லணும், ஜிஓஜிக்கு சம்பந்தம் இல்ல. 2008ல ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2க்கு யூபிசாஃப்ட் ஒரு பேட்ச் (கேமுக்கான திருத்தம்) விட்டாங்க, டிஸ்க் இல்லாம ஓட. அதைத் திறந்து பாத்தா உள்ள ரீலோடட்னு ஒரு பைரசி குரூப்போட க்ராக் (காப்பி பூட்டை உடைக்குற) ஃபைல்! சொந்த கேமைத் திறக்க திருடன்கிட்ட சாவி கடன் வாங்கிருக்காங்க.

இனி கைக்கு என்ன வருதுன்னு பாப்போம். வீட்ல ஒரிஜினல் சிடி வச்சிருக்கேன், எனக்கு எதுக்கு இந்தக் கடைன்னு கேக்குறவங்களுக்கு: இப்ப இருக்குற 64 பிட் விண்டோஸ்ல பழைய காலத்து 16 பிட் ப்ரோக்ராம் ஓடாது, சில கேம் 32 பிட்டா இருந்தாலும் அதோட இன்ஸ்டாலர் 16 பிட், அங்கயே மாட்டிக்கும். சிடி காப்பி தடுக்க வச்ச சேஃப்டிஸ்க் டிரைவரை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10ல இருந்து பாதுகாப்பு காரணம் சொல்லித் தூக்கிட்டாங்க, அதனால காசு குடுத்து வாங்கின ஒரிஜினல் சிடியே போலின்னு நிக்கும். ஜிஓஜில இந்த சனியன் எல்லாத்தையும் கழட்டிட்டுதான் குடுக்குறாங்க, டிஆர்எம்ங்கிற காப்பி பூட்டு எதுக்குமே கிடையாது. டாஸ் கேம்னா டாஸ்பாக்ஸ் (டாஸ் கேமை இப்பத்த கம்ப்யூட்டர்ல ஓட வைக்குற மென்பொருள்) உள்ளயே வச்சு சவுண்ட் கார்டு செட்டிங் வரைக்கும் போட்டு வரும், அந்தக் காலத்துல சவுண்ட் கார்டுக்குக் குடுக்க வேண்டியிருந்த ஐஆர்க்யூ நம்பரை நாம தேட வேண்டாம். நிறைய கேம்க்கு மேனுவலும் ஸ்கேன் பண்ணி கூடவே வருது, பழைய கேம்ல பாதி விளையாட்டு மேனுவல்லதானே இருந்துது.

டாஸ்பாக்ஸை நானே போட்டுக்குவேனேன்னு சொல்றவங்க இருக்காங்க, உண்மைதான், அந்த மாதிரி கேம்ல இவங்க டெக்னிகலா பண்ற வேலை பெருசா ஒண்ணும் இல்ல. டாஸ்பாக்ஸ் எழுதினது வேற ஆளுங்க, அது இலவசம். வித்தியாசம் தெரியுறது 1996ல இருந்து 2005 வரைக்கும் வந்த விண்டோஸ் கேம்லதான், பழைய டைரக்ட்எக்ஸ் (விண்டோஸ்ல கேமோட படம், சவுண்டை கவனிக்குற பகுதி), சிபியூ வேகத்தை நம்பி எழுதின கேம், வைடுஸ்க்ரீன் தெரியாத மெனு, இதுக்கெல்லாம் கேம் கேமா உக்காந்து பேட்ச் பண்ணணும். 2024 நவம்பர்ல ப்ரிசர்வேஷன் ப்ரோக்ராம்னு 100 கேமோட ஆரம்பிச்சாங்க, அந்த முத்திரை இருந்தா புது விண்டோஸ் வந்தாலும் ஓட வைக்குறது எங்க பொறுப்புன்னு அர்த்தம். முத்திரை இல்லாத பழைய கேமை வாங்குறதுக்கு முன்னாடி கஸ்டமர் ரிவ்யூவை ஒரு தடவை பாத்துடுங்க. வாங்கின 30 நாளுக்குள்ள, ஆடியிருந்தாக்கூட, ரீஃபண்ட் கேக்கலாம், அதை மனசுல வச்சுக்கோங்க.

அனுமதின்னா அது ஒரு நாள் முடியவும் செய்யும், இதைப் பத்தி ரிவ்யூல யாரும் பேசறதே இல்ல. ஃபால்அவுட் கேமோட உரிமை இன்டர்ப்ளேகிட்ட இருந்து பெதஸ்தாவுக்கு மாறினப்போ 2013 டிசம்பர் கடைசில கடைல இருந்து காணாம போச்சு, திரும்ப வர 2015 ஆச்சு. வார்கிராஃப்ட் 1, 2 ரெண்டும் 2019ல வந்துது, 2024 டிசம்பர்ல பிளிசார்ட் கேட்டுக்கிட்டதால எடுத்துட்டாங்க. ஆல்ஃபா புரோட்டோகால் பாட்டு உரிமை முடிஞ்சு 2019ல போய் 2024ல திரும்பினது. இதுல நல்ல விஷயம், ஏற்கனவே வாங்கினவங்ககிட்ட இருந்து எதையும் பிடுங்கல, லைப்ரரில அப்படியே இருக்கு. வார்கிராஃப்ட் போறதுக்கு முன்னாடி விக்கிறது நின்னாலும் நாங்க ஓட வச்சுத் தருவோம்னும் சொன்னாங்க. இருந்தாலும் விஷ்லிஸ்ட்ல போட்டு தள்ளுபடிக்காகக் காத்திருக்கிற பழக்கம் இந்தக் கடைல மட்டும் கொஞ்சம் ரிஸ்க், பப்ளிஷர் மாறுற செய்தி வந்தா உடனே வாங்கிடுறது நல்லது.

2010 செப்டம்பர்ல கடையையே மூடிட்டோம்ங்கிற மாதிரி சைட்டை இறக்கிட்டு, சில நாள் கழிச்சு சும்மா விளம்பரம்னு சாமியார் வேஷத்துல வந்து மன்னிப்பு கேட்டாங்களே, அந்த கூத்தை இன்னும் ரசிக்க முடியல. தொலையாம பாத்துக்குறோம்னு சொல்லி விக்கிறவன் அந்த விளையாட்டு விளையாடக் கூடாது.

பெரிய குறைன்னா எட்டு பிட் பக்கம். ஜிஓஜி பெரும்பாலும் டாஸ், விண்டோஸ் கடைதான், ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 மாதிரி 1980கள்ல வந்த வீட்டு கம்ப்யூட்டர் ஆளுங்களுக்கு இங்க வேலை ரொம்பக் கம்மி. அந்தப் பக்கம் இதே வேலையை காசு வாங்காம வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம்ங்கிற வெப்சைட் 1995ல இருந்தே பண்ணிருக்கு, பத்திரிகை விளம்பரத்துல மட்டும் பேர் இருந்து கேசட் கிடைக்காத கேமுக்கு தனி லிஸ்ட் போட்டுத் தேடுறது, பப்ளிஷருக்கு எழுதி அனுமதி கேக்குறது, குடுக்கலன்னா மறுக்கப்பட்டதுன்னு போட்டு டவுன்லோடை எடுத்துடுறது. அல்டிமேட், கோட்மாஸ்டர்ஸ்ங்கிற ரெண்டு கம்பெனி கேமுக்கும் அப்படித்தான் மறுப்பு வந்துது. வேடிக்கை என்னன்னா 2008ல ஜிஓஜி திறந்தப்போ முதல்ல சேந்த ரெண்டு பப்ளிஷர்ல ஒருத்தர் அதே கோட்மாஸ்டர்ஸ், இன்னொருத்தர் இன்டர்ப்ளே. சும்மா குடுன்னா முடியாது, வித்து பங்கு தரேன்னா சரி, வியாபாரி அப்படித்தான் யோசிப்பான், தப்பு சொல்லல. ஆனா ஸ்பெக்ட்ரம் ரோமை (ROM, கம்ப்யூட்டருக்குள்ளயே வர்ற அடிப்படை ப்ரோக்ராம்) எமுலேட்டரோட (பழைய கம்ப்யூட்டர் மாதிரி இயங்குற மென்பொருளோட) சேத்துக் குடுக்கலாம், காப்புரிமை வரியை மட்டும் மாத்தாதீங்கன்னு 1999லயே ஸ்பெக்ட்ரம் உரிமை வச்சிருந்த ஆம்ஸ்ட்ராட் கம்பெனி சொன்னாங்களே, அந்த மாதிரி ஒரு வரி அனுமதி குடுக்க மத்தவங்களுக்கு என்ன கஷ்டம்னுதான் தெரியல.

மார்க்குன்னு கேட்டா, தேடி அனுமதி வாங்குறதுக்கு பத்துக்கு ஒன்பது, ஓட வைக்குறதுக்கு ஏழு. வாங்கினா ஜிஓஜியோட கேலக்ஸி ஆப்போட நிறுத்தாம ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கி தனி டிஸ்க்ல ஒரு காப்பி வச்சுக்கோங்க. தேடுற கேம் கடைல இல்லைனா ஜிஓஜி சைட்லயே ட்ரீம்லிஸ்ட்ங்கிற பக்கத்துல போய் ஓட்டுப் போடுங்க, அக்கவுண்ட் இருந்தா போதும், எத்தனை பேர் கேக்குறாங்கங்கிற அந்த நம்பரைத்தான் இவங்க பப்ளிஷர் முன்னாடி கொண்டு போய் வைக்குறாங்க.